சிவப்பு நூல் எந்தப் பக்கம்?

எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசலில் ஒட்டியிருக்கும் நடைமுறைத் தாளில் முதல் வரி இதுதான்: ‘எலும்பைப் பற்றிப் பேசும்போது மேல், கீழ் என்ற சொற்களை உபயோகிக்கக் கூடாது. தலைப்பக்கம், வால்பக்கம் என்றே சொல்லவும், எழுதவும்.’ கன்னடம், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழியிலும் அதே வரி. கையுறை போடு, கத்தியைக் கழுவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் வருடா வருடம் கேட்கிறார்கள், இது என்ன விசித்திரமான விதி என்று. அவர்களுடைய பேராசிரியை அபிராமி சிரித்துக்கொண்டே, “அதைக் கோகிலா அக்காகிட்ட கேளுங்க” என்று என் பக்கம் தள்ளிவிடுகிறாள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னும் போன் அடிக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நான் ஸ்ரீராம்புரத்துப் பெண். ஐ.டி.ஐ. முடித்ததும் பீன்யாவில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் வேலை. ஸ்பிரிங்கை இயந்திரத்தில் வைத்து அழுத்தி, எத்தனை கிலோவுக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுத வேண்டும். ஏழு வருடம் காலை முதல் மாலை வரை அதைத்தான் செய்தேன். பிறகு ஆய்வுக்கூடத்துக்குச் சோதனை உதவியாளர் தேவை என்று பேப்பரில் பார்த்து மனுப் போட்டேன். நேர்முகத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் நாகரத்னா மேடம். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். ஏப்ரல் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். அதன் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும்.

“ஸ்பிரிங் டெஸ்ட் பண்ணியிருக்கீரா. ஆட்டு முதுகு டெஸ்ட் பண்ணுவீரா?” என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

“அதுவும் அமுக்கினா இறங்கும், விட்டா ஏறும், அவ்வளவுதானே மேடம்?” என்றேன். வாய்க்கொழுப்பு எனக்கு அப்போதே உண்டு.

அவர் சிரிக்கவில்லை. “ஹௌது, ஆமா. ஆனா இதுக்கு மூட் உண்டு. காலைல ஒரு தரா இருக்கும், மத்தியானம் வேற தரா” என்றார். வேலை கிடைத்துவிட்டது.

ஆட்டு முதுகை எதற்கு ஆராய வேண்டும் என்று கேட்காத உறவினர் இல்லை. மனிதனுடைய முதுகில் இரண்டு எலும்புகளைக் கம்பி வைத்து, திருகு போட்டு இறுக்கினால், பக்கத்தில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் என்ன பாடுபடும் என்று டாக்டர்களுக்குத் தெரிய வேண்டும். உயிரோடு இருப்பவரை அமுக்கிப் பார்க்க முடியாது. அதனால் கம்ப்யூட்டரில் ஒரு முதுகெலும்பை உருவாக்கி, அதை வளைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் சொல்வது சரிதானா என்று எப்படித் தெரியும்? அங்கேதான் ஆடு வருகிறது. ஆட்டின் முதுகை ஸ்கேன் எடுத்து மாடல் செய்வோம். அதே முதுகை நிஜமாகவே இயந்திரத்தில் வளைப்போம். இரண்டும் ஒத்துப்போனால் கணக்குப் போடும் முறை நம்பத் தகுந்தது; அதை மனிதனுடைய ஸ்கேனுக்கும் கொண்டு போகலாம். ‘ஆடு நாலு காலில் நடக்கிறதே’ என்று என் வீட்டுக்காரர் மடக்கினார். அதற்கும் மேடத்திடம் பதில் இருந்தது. ஆட்டின் தசைகள் அதன் முதுகெலும்பை நீளவாக்கில் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நிற்கிற மனிதனுக்கும் பாரம் நீளவாக்கில்தான் இறங்குகிறது. இதை வீட்டில் நான் சொன்ன விதத்தில், அவர் அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

என் முதல் பெரிய சோதனை இயந்திரத்தில் நடக்கவில்லை. சிவாஜிநகரில் கவுஸ் பாயின் கறிக்கடையில் நடந்தது.

“வெட்டாம முழுசா ஒரு முதுகு வேணும் பாய்.”

“முழுசாவா? எந்த ஊட்ல அவ்ளோ பெரிய குக்கர் இருக்கு?”

“சமைக்க இல்ல பாய். ஆராய்ச்சிக்கு.”

“ஆட்டுக்கு இன்னா ஆச்சு?”

“ஆட்டுக்கு ஒண்ணும் இல்ல. மனுஷனுக்குத்தான் முதுகு வலி.”

“அப்ப மனுஷனைப் பாருங்கக்கா. இது பாவம், போயே போச்சு.”

பேசிக்கொண்டே முதுகைக் கட்டையில் வைத்தவர், பழக்க தோஷத்தில் டக் டக்கென்று நான்கு துண்டு போட்டுவிட்டார். இரண்டாவதும் அப்படியே ஆனது. மூன்றாவதற்கு நான் கட்டையின் மேல் என் கைப்பையை வைத்து மறித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் முழு முதுகு கிடைத்தது. அதற்குப் பிறகு சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு, எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார் அறுபடாமல் அவர் எடுத்துக் கொடுத்த நேர்த்தியை எந்த சர்ஜனிடமும் நான் பார்த்ததில்லை. நான் மட்டன் சாப்பிடுவதை விட்டுவிட்டேனா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

வேலை என்னவென்று சொல்கிறேன். ஐஸ் பெட்டியில் வரும் முதுகிலிருந்து சதையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். டிஸ்க்கிலும் நாரிலும் கத்தி படக்கூடாது. உப்புத்தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி உறைபெட்டியில் வைப்போம். சோதனைக்கு முதல் நாள் எடுத்து மெதுவாக இளக விடுவோம். முதுகெலும்பின் ஒவ்வொரு துண்டையும் நாங்கள் கணு என்போம். ஒரு முனைக் கணுவையும் மறுமுனைக் கணுவையும் சின்னக் கிண்ணங்களில் வைத்து, பல் டாக்டர்கள் உபயோகிக்கும் சிமெண்டை ஊற்றி இறுக வைப்போம். பிறகு இயந்திரத்தில் பூட்டி வளைப்போம். முதல் மூன்று வளைவைக் கணக்கில் எடுக்க மாட்டோம். ‘அது சோம்பல் முறிக்கட்டும்’ என்பார் மேடம். நான்காவது வளைவுதான் எண். அதுவரை ஈரத்துணியை எடுக்கக்கூடாது; காய்ந்தால் எலும்பு வேறு பதில் சொல்லும்.

மேடத்திடம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்தச் சோதனையானாலும், என்ன வரும் என்று நினைக்கிறோமோ அதை முதலில் பலகையில் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் இயந்திரத்தைத் தொடலாம். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று சொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை. ‘தப்பு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எண் ஒத்து வராவிட்டால் சாக்பீஸை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு, ‘இன்னொந்து சல நோடோணா’ என்பார். இன்னொரு தடவை பார்ப்போம் என்று அர்த்தம். ஒத்து வந்தாலும் அதையேதான் சொல்வார். சரி வந்ததா, வரவில்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அப்புறம் மாடிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஸ்கேன் படத்தை அரிசிமணி தடிமனுக்கு நூற்றுக்கணக்கான சீவல்களாகத் திரையில் காட்டும். ஒவ்வொரு சீவலிலும் எலும்பு எது, டிஸ்க் எது என்று மவுஸால் ஓரம் வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். அதிலிருந்து மாடல் எழுந்து வரும். நார்களுக்குப் பதில் குட்டி ஸ்பிரிங்குகள் போடுவார்கள். பீன்யா ஸ்பிரிங் என்னை விடவில்லை பாருங்கள்! பத்து வருடம் எலும்பை வழித்த கை ஆயிற்றே, ஓரம் எது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். மேடம் என்னை மாடிக்கு மாற்றினார். ஏசி ரூம், சுழல் நாற்காலி, என் பெயர் எழுதிய மேசை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்க நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அபிராமி வந்தாள். ஈரோட்டுப் பெண். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, ஆராய்ச்சிப் பட்டத்துக்காக மேடத்திடம் சேர்ந்தவள். பொம்மனஹள்ளியில் தமிழ்ப் பெண்கள் நிறைந்த ஒரு விடுதியில் இருந்தாள். மூன்று வருடத்துக்குள் முடிக்கிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். மாடலில் புலி. நிஜ எலும்பைக் கையில் எடுத்தால் எந்த முனை எது என்று தெரியாது.

அவளுடைய ஆராய்ச்சிக்கு முழு முதுகு தேவைப்படவில்லை. இடுப்புப் பகுதியில் மூன்று கணு, நடுவே இரண்டு டிஸ்க், அவ்வளவு போதும். நான் மாடியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்ததால் கீழே வழிப்பதும் சிமெண்டில் வைப்பதும் அவள் வேலையானது. அவள் திண்டாடக்கூடாதே என்று நான் ஓர் ஏற்பாடு செய்தேன். கவுஸ் பாய்க்குப் போன் போட்டு, “பாய், துண்டாவே எடுத்துக் குடுங்க. மேல் பக்கம் எதுன்னு தெரியணும், அந்த முனையில சிவப்பு நூல் கட்டிடுங்க” என்றேன். அபிராமியிடமும், “சிவப்பு நூல் இருக்கிறது மேல் பக்கம், அதை மேல வச்சிப் பூட்டு” என்றேன். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சோதனைகள் தொடங்கின. பலகையில் மாடலின் கணிப்பு: மொத்தம் இவ்வளவு வளையும், அதில் கீழ் டிஸ்க் அதிகம், மேல் டிஸ்க் குறைவு. இயந்திரம் வளைத்தது. மொத்த வளைவு கச்சிதமாக ஒத்து வந்தது. ஆனால் மேல் டிஸ்க் அதிகம் வளைந்தது, கீழ் டிஸ்க் குறைவாக. அடுத்த ஆட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. மேடம் மட்டும் சளைக்காமல் ‘இன்னொந்து சல’ என்றார். அபிராமி மாடலைப் பிரித்து மேய்ந்தாள். நானும் ஒவ்வொரு சீவலையும் மறுபடி வரைந்தேன். மூன்று மாதம் போனது.

வெளியிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்து அவள் வேலையை மதிப்பிடும் நாள் நெருங்கியது. மாடல் பொருந்தவில்லை என்றால் ஆட்டு மாடலைக் கைவிட்டு வேறு தலைப்பு எடுக்க வேண்டும். மூன்று வருட உழைப்பும் வீண். பக்கத்து அறை ஆராய்ச்சி மாணவர் ஒருவர், “டிஸ்க் நம்பரைக் கொஞ்சம் திருகிடு, பொருந்திடும்” என்று யோசனை சொன்னார். அவள் வெடுக்கென்று, “திருகுனா பொருந்துமுங்க. எல்லாமே பொருந்தும். அப்புறம் எனக்கு அந்த மாடல் எதுக்குங்க?” என்றாள். அன்று மத்தியானம் பழைய கம்பெனிக்கு அவள் எழுதியிருந்த மின்னஞ்சலை எனக்குக் காட்டினாள். மறுபடி சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாள். இன்னும் அனுப்பவில்லை. திங்கட்கிழமை அனுப்பப் போகிறேன் என்றாள். அன்று இருட்டும்வரை சீவல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் அவள் எனக்கு ஒரு உறவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கறி வாங்க நானே சிவாஜிநகர் போனேன். மாடி ராணியான பிறகு கடைப் பக்கமே போகாமல் இருந்தேன். கூட்டம். வரிசையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் வழக்கம்போலப் பின்னங்கால்களில் கொக்கி மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. பாய் ஒன்றின் இடுப்பில் விரலால் எண்ணி, பல்லில் கடித்திருந்த சிவப்பு நூலை எடுத்து ஒரு முனையில் கட்டினார். மேல் முனையில். தொங்குகிற ஆட்டின் மேல் முனையில். அதாவது, வால்பக்கம்.

“பாய்!” என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. “அது இன்னா பாய்?”

“உங்க பார்சல்தான்க்கா. நாளைக்கு ஆளு வருமில்ல, ரெடி பண்றேன்.”

“நூலை எங்க கட்டியிருக்கீங்க?”

“மேல் பக்கம். நீங்கதானே சொன்னீங்க?”

“அது வால்பக்கம் பாய்! மேல்னா தலைப்பக்கம்!”

அவர் தொங்குகிற ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அக்கா, இருபது வருஷமா என் கடையில ஆடு இப்படித்தான் தொங்குது. தலை எங்க கீது பாருங்க. கீழ. அப்ப மேல் எது? சொல்லுங்க.”

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “பாய் சொல்றது நாயம்தானே” என்றார். நாயம்தான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நடுத்தெருவில் நின்று கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து பாய் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். கறி வாங்க மறந்து, அந்த முதுகை முழுசாக வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோவில் போகும்போது சிரிப்பு அடங்கிப் பயம் வந்தது. நூல் பாய் கட்டியதுதான், ஆனால் சொல் என்னுடையது. மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவை மாடியிலிருந்து இறங்கி வந்து, துணியை விலக்கிக் கணுவைத் தடவிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். திரையில் தலைப்பக்கத்தைச் சரியாகக் கண்டுபிடித்து வண்ணம் தீட்டிய நானே, எலும்பைத் தலைகீழாக நிற்க வைத்திருக்கிறேன். சுழல் நாற்காலி போய்விடுமோ என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

அபிராமிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு மெதுவாக, “அக்கா... மூணு மாசமா நம்ம ஆடு எல்லாம் தலைகீழாவா நின்னுச்சுங்க?” என்றாள்.

“ஆமாம்மா. எல்லாம் என்னாலதான்.”

“அப்ப என் மாடல் சரிங்களா?” என்றாள். அந்தக் குரலை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

திங்கட்கிழமை காலை மேடத்தின் மேசை முன்னால் நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உறைபெட்டியில் இருந்த பழைய துண்டுகளை எல்லாம் எடுக்கச் சொன்னார். சிமெண்டை உடைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நூல் வால்பக்கம். பழைய எண்களில் மேலையும் கீழையும் மாற்றி எழுதினால் எல்லாம் கணிப்போடு போய் உட்கார்ந்தன. நான் துள்ளிக் குதித்தேன். மேடம் இல்லை என்று தலையை ஆட்டினார். “விஷயம் தெரிஞ்ச பின்னே எல்லாம் பொருந்தும். பலகை முன்னாடி, எலும்பு பின்னாடி. இன்னொந்து சல நோடோணா.”

ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்த முழு முதுகை நானே வழித்தேன். கடைசி விலா எலும்பிலிருந்து நானே எண்ணி, நானே பிரித்தேன். விடிகாலையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், நோயாளிகள் வருவதற்கு முன் ஸ்கேன் எடுத்து வந்து, அன்று முழுக்க உட்கார்ந்து சீவல்களை வரைந்தேன். மறுநாள் மாடலை ஓட்டி, அபிராமி இரண்டு டிஸ்க்குக்கும் கணிப்பைப் பலகையில் எழுதினாள். ‘தலைப்பக்க டிஸ்க்’, ‘வால்பக்க டிஸ்க்’ என்று எழுதினாள். எங்கள் கூடத்தில் அந்தச் சொற்கள் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்கடுத்த நாள் இயந்திரம். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. சோம்பல் முறித்தாயிற்று. நான்காவதற்கு அபிராமி திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். என் கை ஈரத்துணியிலேயே இருந்தது.

எண் வந்தது. மேடம் ஸ்வெட்டர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து என்னிடம் கொடுத்தார். “நீங்க எழுதுங்க, கோகிலா.” அத்தனை வருடத்தில் அந்தப் பலகையில் நான் எழுதியதில்லை. கணிப்புக்குப் பக்கத்தில் எழுதினேன். வால்பக்க டிஸ்க் அதிகம், தலைப்பக்க டிஸ்க் குறைவு. இரண்டு வரிசைக்கும் இடையில் நூலிழை வித்தியாசம்தான்.

இப்போது ‘இன்னொந்து சல’ வரும் என்று காத்திருந்தோம். மேடம் பலகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, “சாக்கு” என்றார்.

அபிராமியின் முகம் வெளிறிவிட்டது. பொம்மனஹள்ளியில் மூன்று வருடம் இருந்தும் கன்னடம் ஏறாத பெண். “சாக்கு எல்லாம் இல்லீங்க மேடம், நெசமாலுமே நூல் மாறித்தான்...” என்று அழுகிற குரலில் ஆரம்பித்தாள்.

“அடியே, கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம்!” என்று நான் கத்தினேன். அப்போதுதான் நாகரத்னா மேடம் வாய்விட்டுச் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன். இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அபிராமி அழுதுகொண்டே சிரித்தாள். நான் துணியைப் போட்டு மூடாமல் விட்டதில் எலும்பு காய்ந்தது. அன்றைக்கு அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மதிப்பீட்டு நாளில் அபிராமி எங்கள் தவற்றை முதல் பக்கத்திலேயே வைத்தாள். வந்திருந்த மூவரும் சிரித்துவிட்டு, அந்தப் பாயின் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். பழைய கம்பெனிக்கு எழுதிய மின்னஞ்சல் போகவே இல்லை. நாற்காலியும் எனக்கே இருந்தது, ஆனால் அதன் பிறகு தினமும் ஒரு தடவையாவது கீழே இறங்கி வருவேன். வாசல் தாளின் முதல் வரியை மேடம் தன் கையாலேயே எழுதினார்.

நான் ஓய்வு பெற்ற அன்று அபிராமி ஒரு சின்னப் பெட்டி கொடுத்தாள். அவளுடைய அதே மாடலை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அச்செடுத்திருந்தாள். மூன்று கணு, இரண்டு டிஸ்க், கையகலம். ஒரு முனையில் சிவப்பு நூல். பழக்கத்தில் கணுவைத் தடவிப் பார்த்தேன். நூல் வால்பக்கம் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் வேறு எங்கோ பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கூடத்தில் ஆணி அடித்து அதை நூலாலேயே தொங்கவிட்டிருக்கிறேன். போன பக்ரீத்துக்குப் பிரியாணி கொடுக்க கவுஸ் பாய் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டுவிட்டது. பிரியாணிப் பாத்திரத்தைக் கீழே வைக்காமலே கிட்டே போய்ப் பார்த்தார்.

“பாத்தீங்களாக்கா,” என்றார், “நூலு மேலதான் கீது.”